மூன்று செடிக்கு அரை மூட்டை ஐஸ்

விதைப் பாக்கெட்டின் முதுகில் எழுதியிருந்தது:
குளிர் வேண்டும்.
எவ்வளவு என்று எழுதவில்லை.

கடலூர் முதுநகரில் குளிர் என்பது
எங்கள் கம்பெனியில் தயாராவது.
பார் கணக்கில் விற்போம்,
உடைத்துத் தந்தால் பத்து ரூபாய் கூட.
கணக்கு எழுதுகிறவள் நான்.

ஐப்பசியில் பத்து விதை போட்டேன்.
ஏழு முளைத்தது.
இரண்டை நத்தை தின்றது, ஒன்றை அடைமழை,
ஒன்றை நானே பிடுங்கினேன், களை என்று நினைத்து.

மிச்சம் மூன்று.

கோஸ் என்றால் மண்ணில் உட்காரும், தெரியும்.
இது நின்றுகொண்டே காய்க்குமாம்,
தண்டு நெடுக, இலைக்கு ஒன்றாக,
கக்கத்தில் இடுக்கிய பர்ஸ் மாதிரி.
துணி உலர்த்த மாடிக்கு வந்த கனகவல்லி
பேர் கேட்டாள். களைக்கோசு என்றேன்.
"பேர்லயே களைன்னு இருக்கு,
அதுக்கு எதுக்கு இவ்ளோ பெரிய பை?"

மருந்து அடிப்பதில்லை என்று மட்டும் முடிவு.
சிப்காட் காற்று திரும்பும் ராத்திரிகளில்
ஜன்னலைச் சாத்திக்கொண்டு படித்தவள் நான்.
இன்னொரு நெடியைக்
காசு கொடுத்து வாங்குவானேன்.

ஏலம் முடிந்த தரையில்
சங்கராத் தலை, மத்திக் குடல்.
வெல்லம் சேர்த்து மூடி வைத்தால்
இருபத்தொரு நாளில் பழவாசனை வரும் என்றார்கள்.
வந்தது, ஓரளவு.
மூடியைத் திறந்த ராத்திரி
கீழ்வீட்டில் விளக்கு எரிந்தது.

அசுவினிக்குப் புளித்த மோர்.
பச்சைப்புழுவுக்கு விரல்தான்.
டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு
இலை இலையாகத் திருப்பி எடுத்து
காலையில் எதிர்வீட்டுக் கோழிக்குப் போடுவேன்.
அதுவும் கொலைதான்.
கோழியின் பேரில் எழுதிவிட்டேன்.

கார்த்திகையில் துறைமுகத்தில்
மூன்றாம் எண் கூண்டு ஏற்றினார்கள்.
படகுகள் உப்பனாற்றுக்குள் ஒதுங்கின.
நான் ஒவ்வொரு பையாக
முப்பத்திரண்டு படி இறக்கி
பீரோவுக்கும் தையல் மெஷினுக்கும் நடுவே நிறுத்தினேன்.
இரண்டு நாள் கரண்ட் இல்லை.
மெழுகுவத்தி வெளிச்சத்தில் இலைமேல் தண்ணீர் தெளித்தால்
ஒட்டாமல் உருண்டு ஓடும்.
பார்த்துக்கொண்டே இருந்தேன்,
வேறு வேலையும் இல்லை.

மார்கழியில் கக்கங்களில் மிளகளவு.
பிறகு பட்டாணி.
தை பிறந்தது,
வழி பிறக்கவில்லை, வெயில் பிறந்தது.

கலியவரதன்தான் சொன்னான், பார் உடைக்கிறவன்:
"செத்த மீனுக்கே போடுறோம்,
உசுரோட இருக்கறதுக்குப் போட்டா என்னக்கா?"

உடைசல் அரை மூட்டை,
ஸ்கூட்டியில் கால் வைக்கும் இடத்தில்,
சொட்டச் சொட்ட, ரயில்வே கேட்டைத் தாண்டி.
பொழுது சாய வேரைச் சுற்றிப் பரப்புவேன்,
தண்டில் படாமல்.
பேரேட்டில்: சேதாரம், அரை மூட்டை.
இயற்கை விவசாயத்தில் ஐஸ் சேருமா,
யாரையும் கேட்கவில்லை.
சேராது என்று சொல்லிவிடுவார்கள்.

மாசியில் எண்ணினேன். நூற்றுச் சொச்சம்.
முக்கால்வாசி இறுகவேயில்லை.
இதழ் இதழாக விரிந்து
எதையும் உள்ளே வைத்துக்கொள்ளத் தெரியாமல்.
தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நின்ற
வடக்குச் செடியில் மட்டும்
பதினொன்று,
கோலிக்குண்டுபோலக் கெட்டியாக.

ஐஸ் மூன்றுக்கும் ஒரே அளவுதான் போட்டேன்.

தொட்டியைக் கொஞ்சநேரம் பார்த்தேன்.
கம்பெனிக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

விரிந்ததையெல்லாம் சென்னாக்கூனி போட்டு வதக்கினேன்.
அடிநாக்கில் ஒரு கசப்பு,
பரவாயில்லை, சோறு இறங்கியது.
கெட்டியானதில் ஐந்தைத் தாளில் மடித்து
கலியவரதனிடம் கொடுத்தேன்.
ஒன்றை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து
"இதுக்காக்கா?" என்றான்.
சிரிக்கவில்லை.
வேலை முடிய இன்னும் நாலு மணி நேரம் இருந்தது.
ஐந்தையும் கொண்டுபோய்
பெட்டியில், வஞ்சிரத்துக்குப் பக்கத்தில்,
ஐஸ்மேல் வைத்தான்.